போடாத செருப்பு

எங்கள் வீட்டு வாசற்படி ஓரம் ஒரு ஜோடி செருப்பு, போன புரட்டாசி வரைக்கும் ஏழு மாதம் புத்தம் புதிதாகக் கிடந்தது. சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்களுக்கென்று மெத்தென்ற கறுப்பு ரப்பரில் செய்து தருகிற செருப்பு அது. திருப்பதியில் அட்டைமேல் காலை வைக்கச் சொல்லி வரைந்துகொண்டார்கள். பதினைந்து நாள் கழித்து நானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். தினமும் அதன்மேல் தூசு படிந்தது, தினமும் நான் துடைத்தேன். போடவேண்டிய மனுஷர் மட்டும் போடவில்லை.

அந்த மனுஷர் என் புருஷன் நாகபூஷணம். வயது அறுபத்தொன்று. ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் விசைத்தறி மெக்கானிக். எந்தக் கொட்டகையில் தறி நின்றாலும் முதலில் இவருக்குத்தான் போன் வரும். ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். அவர்கள் யாரும் அவரோடு குடித்தனம் பண்ணவில்லை, சொல்லிவிட்டுப் போகட்டும். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். என்னைக் கேட்டுப் பாருங்கள்.

காலை ஐந்து பத்துக்கு எழுந்திருப்பார். ஐந்து ஐந்துக்கு விழிப்பு வந்தாலும் ஐந்து பத்து வரை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பார். வருஷத்துக்கு மூன்று சட்டை, மூன்றும் சாம்பல் நிறம், மூன்றும் ஒரே கடை. திங்கள் கிழமை அரைக்கீரை. கீரை கிடைக்கவில்லை என்றால் அன்றைக்குத் திங்கள் கிழமையே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மணிக்கூண்டுப் பக்கம் மாசிலாமணி என்பவர் டீக்கடை வைத்திருந்தார். ரோடு அகலப்படுத்தியபோது கடையை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார், மூன்று வருஷம் ஆகிறது. இவர் என்ன செய்கிறார் தெரியுமா? எதிர்ப்பக்கம் போய் டீயை வாங்கிக்கொள்கிறார். கிளாசைக் கையில் ஏந்தி, லாரிகளுக்கு நடுவில் ரோட்டைக் கடந்து, பழைய கடை இருந்த இடத்தில் நின்று குடிக்கிறார். பிறகு கிளாசைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் ரோட்டைக் கடக்கிறார். ஒருநாள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டு நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டேன்.

சரி, புதுசு என்றாலே ஆகாத பிறவி போலிருக்கிறது என்று விட்டுவிடலாமா என்றால் அதுவும் இல்லை. நாடாக்கட்டை குறுக்கே ஓடாமலே நெய்கிற புதுத் தறி ஒன்று நகரிக்கு வந்தபோது சின்ன வயசு மெக்கானிக்குகளே திருதிருவென்று விழித்தார்கள். இவர் செல்போனில் வீடியோ பார்த்து, மூன்றே நாளில் அதைப் பிரித்து மாட்டிவிட்டார். தறிக்கு என்ன மாற்றம் வேண்டுமானாலும் செய்வார். தன் சட்டைப் பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னால் மட்டும் ஆகாது.

நான் அப்படி இல்லை. நான் அங்கன்வாடி டீச்சர். தமிழில் பத்தாவது படித்தவள், முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக் கற்றேன். ரெஜிஸ்டரில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அப்புறம் எல்லாம் செல்போனில் என்றார்கள், அதையும் கற்றேன். இப்போது குழந்தையின் முகத்தைப் போனில் காட்டிப் பதிய வேண்டும், அது அழுதால் போன் ஒத்துக்கொள்ளாது, வெளியே போய்க் காக்காய் காட்டிச் சிரிக்க வைத்து அதையும் செய்கிறேன். காலம் மாறினால் கூடவே மாறிவிட வேண்டும், பழசை மனதில் சுமந்துகொண்டு திரியக்கூடாது என்று மீட்டிங்கில் எல்லாம் பேசுவேன். அந்த வாயால்தான் இப்போது இதையும் சொல்கிறேன்.

இவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். மாத்திரையை மணி தவறாமல் போடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் செருப்பு போடமாட்டார். தறிக் கொட்டகைக்குள் யாருமே செருப்போடு போகமாட்டார்கள், நூல் இருக்கிற இடம் சாமி இருக்கிற இடம். அந்த வழக்கத்தில் வெறுங்காலாகவே நாற்பது வருஷம் ஓடிவிட்டது. அது கூடப் போகட்டும். என் உயிரை வாங்கியது புரட்டாசி நடைதான்.

எங்கள் பக்கத்தில் புரட்டாசி மாதம் மஞ்சள் வேட்டி கட்டி, துளசி மாலை போட்டு, நகரியிலிருந்து புத்தூர், வடமாலப்பேட்டை வழியாகத் திருப்பதிக்கு நடந்தே போவார்கள். பிறகு அலிபிரியில் படியேறி மலைக்கு. இரண்டு நாள் நடை, ஐம்பத்தைந்து அறுபது கிலோமீட்டர் வரும். எங்கள் தெரு துலுக்காணம்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு முன்னால் போவார், பின்னால் அரிசி, பாய், பாத்திரம் ஏற்றிய லக்கேஜ் ஆட்டோ வரும். பலர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் நடப்பார்கள், அலிபிரியில் கழற்றுவார்கள். இவர் மட்டும் வாசற்படியிலிருந்தே வெறுங்கால்.

முதலில் இவர் போனது 1999-இல். எங்கள் மகள் அகிலாவுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாள். அந்த வருஷம் நன்றி சொல்ல நடந்தார். சரி, ஞாயம். நானும் என் பங்குக்கு வேண்டிக்கொண்ட மொட்டை, மாவிளக்கு, உண்டியலில் வளையல் என்று எல்லாவற்றையும் அந்த வருஷமே முடித்துவிட்டேன். இவர் அடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும். கொரோனா வருஷம் மேலே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் போனார். தனியாக அலிபிரி வரை நடந்து, அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அந்தக் குழந்தை படித்து முடித்து, ரேணிகுண்டாவில் செல்போன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டது. இவர் இன்னும் நடந்துகொண்டே இருந்தார்.

போன புரட்டாசிக்கு முந்தின நடையில் இடது கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்தது. கல் குத்தியதோ கண்ணாடி குத்தியதோ, இவருக்கே தெரியாது. வலித்தால்தானே தெரியும்? வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் நாற்றம் அடித்துத்தான் நான் பார்த்தேன். நாலு மாதம் ஆறவில்லை. திருப்பதி டாக்டர் கட்டைவிரலை எடுத்துவிடலாமா என்கிற வரைக்கும் போய், கடைசியில் எப்படியோ காப்பாற்றிக் கொடுத்தார். கடைசிக் கட்டைப் பிரித்த அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, இங்கோ புண்டு ஒஸ்தே வேலு காது, காலே போதுந்தி" என்றார்.

இன்னொரு புண் வந்தால் விரல் இல்லையம்மா, காலே போய்விடும் என்று அர்த்தம். அன்றைக்குத்தான் செருப்புக்கு அளவு கொடுத்தோம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இவரை உட்கார வைத்து, முகம் பார்க்கிற கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்து, டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. இவர் காலைக் கொடுத்துவிட்டு டிவி பார்ப்பார்.

"இன்னாங்க, செருப்பு எங்க?"

"கீது."

"எங்க கீது?"

"வெளிய."

"வெளிய இருந்தா கால எப்பிடிக் காப்பாத்தும்?"

"போட்டுக்கறேன் வுடுமே."

இதே பேச்சு, ஏழு மாதம், ஒரு வார்த்தை மாறாமல். பதில் சொல்வதிலும் கூட இந்த மனுஷருக்கு ஒரு வழக்கம்.

ஆவணி பாதி போனதும் நான் யுத்தத்தை ஆரம்பித்தேன். மஞ்சள் வேட்டியை அரிசிப் பீப்பாய்க்குள் ஒளித்தேன். ஒரு வார்த்தை பேசாமல் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். பழசு எந்தக் கடையோ அதே கடை. துலுக்காணத்தைப் பார்த்து, "அண்ணா, இந்த வருஷம் இவர இட்டுக்கினு போகாதீங்க" என்று கெஞ்சினேன். அவர் தலையைச் சொறிந்தார். "நான் இட்டுக்கினு போவலன்னா தனியாப் போவாரும்மா. கூட்டத்தோட வந்தாலாவது கண்ணுல வெச்சிக்கினு இருப்பேன்" என்றார். அதுவும் நிஜம்தான்.

அகிலா போனில் அழுது பார்த்தாள். "நைனா, பஸ்ல வா நைனா, நான் கூட வர்றேன்."

"நடந்தே வர்றேன்மா. நீ அலிபிரில நில்லு."

கடைசியில் சாமியையே இழுத்தேன். அலிபிரியில் பாதாள மண்டபத்தில் பெருமாளின் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுவது வழக்கம். ராத்திரி மலையிறங்கி வருகிற பெருமாள் செருப்புத் தேய்ந்து போய்த்தான் திரும்புகிறார் என்று சொல்வார்கள்.

"சாமியே செருப்பு போட்டுக்கினுதான் படி எறங்குறாரு. நீங்க அவர வுடப் பெரியவரா?" என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பரவாயில்லை, உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தேன்.

"அவரு யாருக்கும் வாக்குக் குடுக்கலமே" என்றார்.

"நீங்க யாருக்குக் குடுத்தீங்க?"

மோர் கேட்டார். ஊற்றினேன். ஊற்றிய வேகத்தில் பாதி தட்டுக்கு வெளியே போயிற்று.

புரட்டாசி இரண்டாவது வாரம், விடிகிற நேரத்தில் கிளம்பிவிட்டார். வாசற்படியில் இருந்த புதுச் செருப்பைச் சுற்றிக்கொண்டு இறங்கினார், ஒரு சின்னக் குழந்தையைத் தாண்டாமல் சுற்றிப் போவார்களே அந்த மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் "கால் போனா நான் தூக்கிக்கினு திரிய மாட்டேன், சொல்லிட்டேன்" என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவர் திரும்பி, "கேஸ் மூடினியா பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆயாம்மாவிடம் அங்கன்வாடியை ஒப்படைத்தேன். பையில் செருப்பு, பஞ்சு, மருந்து, கண்ணாடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மத்தியானத்தில் கூட்டம் புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இளைப்பாறும் என்று தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் படுத்திருந்தார்கள். இவர் கைகழுவிவிட்டு எனக்கு எதிரே நடந்து வந்தார். வெள்ளை டைல்ஸ் தரை. இவர் இடது காலை வைத்த இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு.

"நீ எங்க இங்க? லீவு சொல்லிட்டியா?" என்றார்.

தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துக் காலைத் தூக்கினேன். குதிகாலில் ஒரு கம்பி. லாரி டயர் வெடித்தால் ரோட்டில் நார்நாராகக் கிடக்குமே, அந்தக் கம்பி. நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏதோ ஒட்டிக்கினு கீதுன்னு நெனைச்சேன்" என்றார்.

பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக். துலுக்காணமும் நானும் ஆட்டோவில் அழைத்துப் போனோம். இழுத்து எடுத்தபோது முழு அங்குலம் இருந்தது. டாக்டர் இழுத்தார், கழுவினார், ஊசி போட்டார், கட்டினார். இவர் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "வலிக்கலையா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றார், ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி. டாக்டர் என்னைப் பார்த்தார். இந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, நாளைக்கு மறுபடி காட்டுங்கள் என்றார். இவர் சமர்த்தாகத் தலையாட்டினார்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்தோம். மூன்றரை மணி. துலுக்காணம் விசில் ஊதினார். இவர் எழுந்து, கட்டுப் போட்ட காலுக்கு மேல் வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

அங்கேதான் எனக்கு வெடித்தது. முப்பது பேர் பார்க்கிறார்கள், மஞ்சள் துணி போட்டவர்கள், கோவிந்தா சொல்கிற இடம் என்று எதையும் நான் பார்க்கவில்லை.

"உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா? ஒரு அங்குலம் கம்பி! டாக்டர் சொன்னது காதுல வுழல? அந்தக் கால எடுத்துட்டாங்கன்னா இன்னா பண்ணுவீங்க, ஒத்தக் கால்ல குந்தித் தறி பிரிப்பீங்களா? வழக்கமாம் வழக்கம்! யாருக்கோசரம் இந்த வழக்கம்? யாரு உங்கள நடக்கச் சொன்னது?"

இவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் கேட்டது புரியாதவர் மாதிரி பார்த்தார்.

"நீதான்" என்றார்.

"நானா?"

"நீதானே மே வேண்டிக்கின. ஆஸ்பத்திரில. ஜன்னலாண்ட நின்னு, மலையப் பாத்து. 'என் பொண்ணக் குடுத்துடு, வருஷா வருஷம் இவரு வெறுங்காலோட நடந்து வந்து மலை ஏறுவாரு'ன்னு என்னக் கையக் காட்டிச் சொன்ன. நான் பாட்டில் புடிச்சிக்கினு நின்னேன்ல?"

ஞாபகம் வந்தது. வராமல் எங்கே போகும்? திருப்பதி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். வார்டில் பாட்டில் மாட்டுகிற கம்பி போதவில்லை, இவர்தான் சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றார். ஜன்னலில் மலை தெரியும். நான் அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததை எல்லாம் வேண்டினேன். என் முடி என்றேன், என் வளையல் என்றேன், மாவிளக்கு என்றேன். அது போதாது என்று தோன்றியது. இன்னும் பெரிதாக ஏதாவது கொடுக்க வேண்டும். என்னிடம் என்ன இருந்தது? திரும்பிப் பார்த்தேன், இவர் நின்றுகொண்டிருந்தார். இவர் காலை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் புருஷன் தலைமுடியை, மாமியாரின் கம்மலை, கொழுந்தனின் ஆட்டைச் சாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். நானும் கொடுத்தேன், கொடுத்துவிட்டு என் பங்கை மட்டும் செலுத்திவிட்டுச் சுத்தமாக மறந்துவிட்டேன். பழசைச் சுமக்கக்கூடாது என்று மீட்டிங்கில் பேசினேன். இவர் இருபத்தாறு வருஷம் நடந்தார்.

"ஏங்க, இத ஒரு தரமாவது வாயத் தெறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீ மறந்துட்டன்னு எனக்கு இன்னா தெரியும்? வருஷா வருஷம் கத்துவ. சரி, வேண்டினவ ஆச்சே, நம்ம கால நெனைச்சி வருத்தத்துல கத்தறான்னு நெனைச்சிக்கினேன்."

துலுக்காணம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் மறுபடி வேட்டியைச் செருகினார்.

"நில்லுங்க" என்றேன். "வேண்டிக்கினது யாரு வாயி?"

"உன் வாயி."

"அப்ப நடக்கறதும் என் காலு."

"அது எப்பிடி? வாக்குல சொன்னது என் கால."

"உங்களக் கேட்டுக்கினா சொன்னேன்?"

"கேக்கல."

"கேக்காம குடுத்தது செல்லாது."

"இருபத்தாறு வருஷம் செல்லிச்சே" என்றார். இந்த மனுஷரோடு பேசி ஜெயிக்க முடியுமா? நான் என் செருப்பைக் கழற்றினேன். பையிலிருந்த இவருடைய செருப்பை எடுத்து இவர் எதிரில் வைத்தேன், ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். பின்னால் இவர் "ஏமே, நில்லு, பைத்தியமா உனக்கு" என்று கத்துவது கேட்டது. நான் நிற்கவில்லை. சிமெண்ட் மண்டபத்தின் நிழல் முடிந்து தார் ரோடு ஆரம்பித்த இடத்தில் உள்ளங்கால் சுரீர் என்றது. ஐம்பத்தேழு வயதில் செருப்பில்லாமல் நான் தெருமுனைக் குழாய்க்குக்கூடப் போனதில்லை.

பத்து நிமிஷம் கழித்து லக்கேஜ் ஆட்டோ என் பக்கத்தில் வந்து ஊர்ந்தது. அரிசி மூட்டைக்கும் பெரிய அண்டாவுக்கும் நடுவில் இவர் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கால் மூட்டைமேல். புதுச் செருப்பு இரண்டும் மடியில். துலுக்காணம் இரண்டு பேரை வைத்துத் தூக்கி உட்கார வைத்ததாகப் பிறகு சொன்னார். "மனோரமா தனியா ரோட்டுல போய்க்கினு கீது, நீ இங்க நின்னு நாயம் பேசிக்கினு கீறியா" என்று அவர் கேட்டதற்கப்புறம்தான் இவர் வாயை மூடினாராம்.

மூடிய வாய் வண்டியில் ஏறியதும் திறந்துகொண்டது. வடமாலப்பேட்டை வரைக்கும், மறுநாள் திருப்பதி வரைக்கும் ஓயவில்லை.

"வெள்ளக் கோட்டு மேல நட, அங்க சூடு கம்மி."

"கண்ணாடி கீது பாரு, கண்ணாடி."

"கால அமுத்தி வெக்காத. மெதுவா வெய்யி."

"தண்ணி குடிச்சியா?"

"கொஞ்சம் சும்மா வர்றீங்களா" என்று நான் கத்தினேன். ஒரு மனுஷி நடப்பதா, இவருக்குப் பதில் சொல்வதா? இரண்டு கிலோமீட்டருக்குள் கொப்புளம் வந்துவிட்டது. மறுநாள் காலை அது உடைந்தது. வழியெல்லாம் அழுகை வந்தது, சாமியை நினைத்து இல்லை. ரோடு போட்டவனை, லாரிக்காரனை, டயர் கம்பியை, என் வாயை எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே நடந்தேன். கோவிந்தா என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் ஐயோ என்று சொன்னேன். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கணக்காக, இவர் இதில் இருபத்தாறு தடவை போனார், இருபத்தாறு தடவை போனார் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு அலிபிரி. அகிலா மோர் பாட்டிலோடு காத்திருந்தாள். வண்டியிலிருந்து இறங்குகிற நைனாவையும், செருப்பில்லாமல் நொண்டி வருகிற அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, ஆளே மாறிட்டீங்க?"

"அப்பறம் சொல்றேன். மொதல்ல நைனாவ அந்தக் கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. அப்பால பஸ்ல ஏத்தி மேல கூட்டியா."

இவர் நகரவில்லை. ஒரு மரத்தடிக் கல்லில் என்னை உட்காரச் சொன்னார். தானும் கஷ்டப்பட்டுக் கீழே உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டார். என் காலை எடுத்து மடியில் வைத்தார். என் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுக்கப் போனார், பிறகு தேவையில்லை என்று தெரிந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். கொப்புளத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னச் சின்னக் கற்களை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். தறியில் அறுந்த இழையைத் தேடி எடுக்கிற அதே விரல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்ளோ சுடுதே ரோடு! இத்தன வருஷத்துல, சுடுதுன்னு ஒரு வார்த்த என்கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"சுட்டுச்சி. மொதல்ல எல்லாம் நல்லாச் சுட்டுச்சி" என்றார், கல்லைத் தேடிக்கொண்டே. "இப்ப ஒரு நாலு வருஷமாத்தான் சுடல. நானும் நெனைச்சேன், இத்தினி வருஷம் நடந்தோம்ல, போனாப் போவுதுன்னு சாமியே சூட்ட எடுத்துட்டாருபோல கீதுன்னு."

அகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மரத்துப் போன காலைச் சாமி கொடுத்த வரம் என்று நினைத்துக்கொண்டு நாலு வருஷம் நடந்திருக்கிறார். செருப்பைப் போட்டால் அந்த வரத்தை வேண்டாம் என்று சொன்னதாகிவிடும் என்று பயந்திருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அவர் தலையில் ஒன்று போடலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அது சாமி எடுக்கலங்க" என்றேன். "சக்கர எடுத்துச்சி. சாமி எடுக்கணும்னு இருந்தா உங்க பல்ல எடுத்திருப்பாரு, பேசாமலாவது இருந்திருப்பீங்க."

"பேசாமத்தானே இருந்தேன்" என்றார்.

அதுவும் நிஜம்தான். இவர் பக்கத்தில் கிடந்த புதுச் செருப்பில் ஒன்றை எடுத்து, கட்டில்லாத வலது காலில் மாட்டினேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. அகிலா ஒரு பக்கம் தோள் கொடுத்து எழுப்பினாள். பத்தடி போய்த் திரும்பி, "ஓரமா ஏறு, நடுப் படி தேஞ்சி வழுக்கும்" என்றார். எனக்கு இருந்த எரிச்சலில் சரி என்றுகூடச் சொல்லவில்லை.

ஆனால் ஓரமாகத்தான் ஏறினேன். முதல் படி சுட்டது.